பத்துக்கு எத்தனை

போத்னியா வளைகுடா. பிப்ரவரி.
பனிக்கட்டி உடைக்கும் கப்பலில் சமையல் என் பொறுப்பு.
இருபத்தொரு வாய், ஓர் அடுப்பு,
உணவறை மூலையில் புத்தக அலமாரி,
ஆட்டத்தில் சரியாதிருக்கக் குறுக்கே ஒரு கம்பி.

அத்தனையும் டிராகன்கள், விண்கலங்கள்.
வேறெதையும் எங்கள் ஆட்கள் தொடுவதில்லை.
குடும்பக் கதை வேண்டுமென்றால்
வீட்டுக்குப் போன் போடு என்பான் உர்ப்போ.

கம்பியில் கட்டித் தொங்குகிறது ஒரு நோட்டு.
படித்தவர் பத்துக்கு மதிப்பெண் போடவேண்டும்,
காரணம் ஒரு வரி.

எஞ்சின் அறையிலிருந்து உர்ப்போ:
'நூறாண்டு பறக்கும் கலத்துக்கு எண்ணெய் மாற்றியது யார்? மூன்று.'
மாலுமி மேடையிலிருந்து ஸோல்வெய்க்:
'இரண்டு நிலவு, ஒரே ஓதம். நான்கு.'
கீழே, வேறு மையில்:
'இரண்டாம் நிலவு அழகு. ஐந்து.'
தளத்துப் பையன் நீலோ:
'வாள் பேசுகிறது. பத்து.'
அடுத்த வாரம்:
'வாள் பேசவில்லை. ஆனாலும் பத்து.'

என் கணக்கு வேறு.
நாற்பதாயிரம் பேர் கணவாய் கடக்கிறார்களே,
உலை வைத்தது யார்?
எட்டாம் அத்தியாயத்தில் ஒரு குண்டான் கூழ்
தானாகவே கொதித்து நிற்கிறது.
இளவரசன் குடித்துவிட்டு எழுகிறான்.
அந்தக் கிண்ணத்தை
அறுநூறு பக்கத்தில் ஒருவரும் கழுவவில்லை.
இரண்டு.
செவ்வாயில் மாத்திரை விழுங்கிப் பசியாறுகிறவர்களுக்கு
ஒன்று, அதுவும் காகிதத்துக்காக.
ஒரு சூனியக்காரி மட்டும்
வெங்காயம் நறுக்கும்போது வந்த கண்ணீரை
மந்திரம் போட்டு நிறுத்த மறுத்தாள்.
அவளுக்கு ஒன்பது.
மிச்சம் ஒன்றை எதற்கோ வைத்திருந்தேன்.

அன்று காற்று திரும்பி
பனிப்பாளம் பாளத்தின் மேல் ஏறிக்கொண்டது.
சரக்குக் கப்பல் வரும்வரை காத்திருப்பு.
விடிய மூன்று மணி நேரம்.
கம்புக்கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு
கைக்கு வந்ததை எடுத்தேன்:
அட்டை இல்லை, முதல் முப்பது பக்கமும் இல்லை,
பேர் இல்லை, எழுதியவர் இல்லை.
இரண்டு விண்கற்களுக்கு நடுவே
படகு ஓட்டுகிறாள் ஒருத்தி.
ஆண்டுக்கு ஒரு பயணி.
அவள் பேரையே மூன்று விதமாய் அச்சடித்திருந்தார்கள்.
வாக்கியங்கள் உப்புச் சப்பில்லை.
முதலிலிருந்து முடிவுவரை
யாரும் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை.

நின்றபடியே படித்தேன்.
கையில் கரண்டி இருந்தது.
கரண்டிக்குக் கையிருந்ததா தெரியாது.

புகைமணி அலறியபோது
இருபது பேர் உள்ளாடையோடு நடைகூடத்தில்.
உர்ப்போ தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு வந்து
குண்டானைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
புத்தகத்தைப் பார்த்தான்.
'எந்தப் பக்கம்?' என்றான்.

காலையில் எல்லோருக்கும் காய்ந்த ரொட்டி, வெண்ணெய்.
பசி வந்தால் பத்தும் பறக்கும்தான்,
ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
நோட்டில் எண் போடப் பேனா எடுத்து
எழுதியது இவ்வளவுதான்:
'கஞ்சி அடிப்பிடித்தது.'

ஸோல்வெய்க் அதை இரண்டு நாளில் முடித்தாள்:
'என் காவல் முடிந்தது தெரியவில்லை.'
உர்ப்போ நான்கு வாரம் வைத்திருந்தான்,
எழுதவில்லை, திருப்பியும் தரவில்லை,
நான் அவன் கட்டிலடியில் இருந்து எடுத்தேன்.
நீலோ மூன்று நாள் பேசாமல் திரிந்துவிட்டு எழுதினான்:
'ஏழு. முடிவு பிடிக்கவில்லை.'
அவன் கையால் பத்துக்குக் கீழே விழுந்த முதல் புத்தகம்.
எல்லோரும் போய்ப் போய்ப் பார்த்தோம் அந்த ஏழை.

குண்டான் அடியில் கறுப்பு வட்டம் இன்னும் போகவில்லை.
இந்த வாரம் தேய்க்கும் முறை அவனுக்கு.
முழங்கை வரை நுரையோடு கேட்கிறான்:
'அவள் ஏன் திரும்பிப் போகவில்லை?'

அந்த முப்பது பக்கத்தில் இருக்கலாம் என்றேன்.

'இல்லை' என்கிறான்,
தேய்ப்பதை நிறுத்தாமல்.